பிளேட்டிலிருந்து பத்து அங்குலம்

எங்கள் அணியின் வரலாறு என்று இணையத்தில் ஒரு பக்கம் போட்டிருக்கிறார்கள். என் மகள் அதைப் போனில் எடுத்து வாசித்துக் காட்டினாள். ஏற்காடு புல்புல்ஸ், மாதச் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்து நடத்தும் தொழில்முறை பேஸ்பால் அணி, பெரும்பாலும் மலைக் கிராமத்துப் பிள்ளைகள், மூன்றாவது சீசனில் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, அதனால் மைதானத்துக்கே 'மலைக்கோட்டை' என்று பேர் வந்துவிட்டது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். படமும் நன்றாக இருந்தது.

அந்தக் கோட்டையைக் கட்டியவன் நான். அணியின் கிரவுண்ட்ஸ்மேன். அதைத் தப்பாகக் கட்டினேன். அந்த வரலாற்றில் அது இல்லை. மைதான வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். புல் வெட்டுவதைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். புல் வெட்ட யாரும் கற்றுக்கொள்ளலாம். நான் இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

நான் முப்பத்தொரு வருஷம் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவன். ஊர் வெள்ளக்கடை. காபிக் குழி எடுப்பது, சரிவில் படி வெட்டுவது, மழைத் தண்ணிக்கு வாய்க்கால் போடுவது, இதுதான் என் வேலை. எதற்கும் மட்டப்பலகை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்ப்பேன், அவ்வளவுதான். தண்ணி நான் சொன்ன பக்கம் ஓடும். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர்கூட என்னிடம் மறுபேச்சுப் பேச மாட்டார். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எஸ்டேட்டை சேலத்து ஜவ்வரிசி முதலாளி ஒருவர் வாங்கினார். அவருக்கு காபியைவிட பேஸ்பால் மேல்தான் ஆசை. ஏற்காட்டு மிஷன் பள்ளிகளில் பிள்ளைகள் பல காலமாக சாஃப்ட்பால் ஆடுகிறவர்கள், அதுவும் கிட்டத்தட்ட இதே ஆட்டம்தான். பந்தை எறியவும் பிடிக்கவும் தெரிந்தவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். ஆளைத் தேடி அலைய வேண்டாம் என்று முதலாளி கணக்குப் போட்டார். அது சரியான கணக்கு. வாழவந்தி ரோட்டில் காபி காயப்போடுகிற பழைய களம் சும்மா கிடந்தது. அதன் சிமெண்டை உடைத்து எடுத்துவிட்டு, மேலே ஒரே கனத்துக்குச் செம்மண் பரப்பி, சுற்றியிருந்த சவுக்கு மரங்களையும் எடுத்து மைதானமாக்கினோம்.

கோச் டேனியல் சார் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து வந்தவர். முதல் நாள் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினார்.

"மேஸ்திரி, இதுதானுங்க ஹோம் பிளேட். அடிக்கறவன் இங்க நிப்பான். பந்து எறியறவன் பிட்சர். அவன் நிக்கறதுக்கு ஒரு மேடு வேணும். மவுண்டும்பாங்க. பிளேட்டுல இருந்து அறுவது அடி ஆறு அங்குலத்துல. உசரம், பிளேட்டுக்கு மேல பத்து அங்குலம்."

"ஒரு மேட்டுக்கா சார் இத்தனை படிப்பு?"

"இந்த ஆட்டமே அந்த மேட்டுலதானுங்க இருக்குது. மட்டம் பாத்துக்கிடுங்க. டியூப் லெவல் கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

"என்னயப் பாத்தா கேக்கறீங்க?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் செம்மண்ணோடு புற்றுமண்ணைக் கலந்து, அடுக்கடுக்காகத் தண்ணி தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து மேட்டை எழுப்பினேன். மேட்டின் அடிவாரத்தில் அளவுகோலை நட்டுப் பத்து அங்குலம் வைத்தேன். பிளேட்டும் தரையில்தான் கிடக்கிறது, மேடும் தரையில்தான் நிற்கிறது, எங்கே நின்று அளந்தால் என்ன என்பது என் எண்ணம். அம்பயர்கள் வந்தபோதும் தூரத்தை டேப் பிடித்துப் பார்த்தார்கள். உயரத்துக்கு என்னைப் போலவே மேட்டின் காலடியில் ஸ்கேலை வைத்தார்கள். பத்து இருந்தது. நல்ல மேடு என்றார்கள்.

2. இருபது வளைவும் எலுமிச்சம்பழமும்

முதல் சீசனில் எங்களை யாரும் சட்டை செய்யவில்லை. ஆட்டம் பார்க்க வந்த எஸ்டேட் ஆட்கள் பாதிப் பேர் கிரிக்கெட் என்று நினைத்து வந்தவர்கள். "ஏனுங்க மேஸ்திரி, ஸ்டெம்பு எங்கீங்க?" என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு நாள் காட்டு மாடு இரண்டு மைதானத்துக்குள் வந்து நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் நகரவில்லை. மூடுபனி வந்தால் ஆட்டம் நிற்கும். பிளேட்டில் நிற்கும் அம்பயருக்கு எல்லைக் கம்பி வேலி தெரிந்தால் ஆடலாம், தெரியாவிட்டால் ஆடக்கூடாது என்று எங்கள் மைதானத்துக்கென ஒரு விதியே எழுதினார்கள். பனிக்குள் போன பந்தைத் தேடிப் போன ஒருத்தன் டீக் குடித்துவிட்டு வந்த கதையும் உண்டு.

சவரிமுத்து வந்த பிறகுதான் ஆட்டம் மாறியது. கிளியூர்க்காரன். அம்மா அப்பா எஸ்டேட் வேலை, மனைவி மெட்டில்டாவும் எஸ்டேட் வேலைதான். ஆள் நெட்டை, பேச்சு கிண்டல். மேட்டின் மேல் நின்று அவன் பந்தை விட்டால் அது அடிக்கிறவனின் கண்ணுக்கு மேலேயிருந்து இறங்கி, முழங்கால் பக்கம் வந்து விழும். வந்தவன் மட்டையைக் காற்றில் சுற்றிவிட்டுப் போவான். மூன்று தடவை சுற்றினால் அவுட். சவரி நின்ற நாளில் வெளியூர்க்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அதே சவரி கீழே இறங்கினால் வேறு ஆள். சேலத்திலும் மதுரையிலும் கோவையிலும் அவன் பந்து அடிக்கிறவனின் நெஞ்சுக்கு மேலேயே போகும். அந்தப் பந்தை யாரும் அடிக்க வேண்டியதில்லை. அப்படி நாலு போனால் அவனைச் சும்மாவே முதல் பேஸுக்கு, அடித்துவிட்டு ஓடிச் சேர வேண்டிய முதல் கட்டத்துக்கு, அனுப்ப வேண்டும். அனுப்பி அனுப்பியே தோற்றோம். மூன்றாவது சீசனில் மேலே ஆடியதெல்லாம் வெற்றி, கீழே ஆடியதில் முக்கால்வாசி தோல்வி.

காரணம் சொல்லாத ஆள் கிடையாது. மலை இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவு, அதில் வயிறு கலங்கிவிடுகிறது என்றார்கள். அதற்காக கோச் பஸ்ஸில் எல்லாருக்கும் எலுமிச்சம்பழம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். வெயில் என்றார்கள், பையன்களைத் தொப்பி போட வைத்தார்கள். சேலத்துத் தண்ணி என்று கேன் கேனாக ஏற்காட்டுத் தண்ணியைக் கொண்டுபோனார்கள். முதலாளி ஒரு ஜோசியரைக்கூடக் கூட்டி வந்தார். ஜோசியர் மைதானத்தைச் சுற்றிவிட்டு வாசலை மாற்றச் சொன்னார், நானும் மாற்றினேன். மேட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அது நன்றாக இருக்கிறது என்பதில்தான் எல்லாருக்கும் ஒரே கருத்து.

அந்த சீசனின் கடைசியில்தான் சென்னையில் தேர்வு என்று செய்தி வந்தது. வெளிநாட்டு அணி ஒன்று தென்னாட்டில் நாலு பேரை எடுத்து இரண்டு வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறது. வயது இருபத்தாறுக்குள் இருக்க வேண்டும். சவரிக்கு அந்த வருஷம் இருபத்தாறு. அதற்கடுத்த வருஷம் அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை. அவன் எந்த நேரமும் அதே பேச்சாக இருந்தான். மெட்டில்டா பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய தாளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டில் மழை ஒழுகாத மூலையாகப் பார்த்து மாட்டி வைத்திருந்தாள்.

3. திங்கட்கிழமை

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஞாயிறன்று நல்ல மழை பெய்தது. காபிப் பூ பூக்க அந்த மழை வேண்டும், எஸ்டேட்டுக்காரர்கள் எல்லாம் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் திட்டிக்கொண்டே திங்கள் காலை மைதானத்துக்குப் போனேன். ஹோம் பிளேட்டைச் சுற்றித் தண்ணி குளம் கட்டி நின்றது. சனிக்கிழமை ஆட்டம் இருந்தது. அதில் ஜெயித்தால் ஃபைனல்.

பிளேட்டிலிருந்து வேலிக்கு ஒரு வாய்க்கால் போட்டுத் தண்ணியை வடிக்கலாம் என்று முடிவு செய்தேன். பிளேட்டுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தாழ்வு என்று கண்ணில் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது எனக்குக் கண்புரை ஆரம்பித்திருந்தது, அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதனால் பக்கத்தில் கட்டட வேலை செய்யும் கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி வந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணி. இரண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில்தான் நிற்கும். இரண்டு இடத்திலும் தரையிலிருந்து தண்ணி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் எது மேடு எது பள்ளம் என்று தெரிந்துவிடும்.

ஒரு முனையைப் பிளேட்டை ஒட்டிக் குச்சி நட்டுக் கட்டினேன். மற்ற முனையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன். பிட்சர் மேட்டின் உச்சியிலும் வைத்தேன். பிளேட்டில் தண்ணி முப்பது அங்குலத்தில் நின்றது. மேட்டின் உச்சியில் பதினாலில் நின்றது. வித்தியாசம் பதினாறு. பத்து இருக்க வேண்டும்.

குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று உதறிவிட்டு மறுபடி வைத்தேன். பதினாறு. குச்சியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டேன். பதினாறு.

ஆறு அங்குலம் எங்கிருந்து வந்தது என்று மேட்டிலேயே உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. காபிக் களத்தைச் சமமாகப் போடக்கூடாது, மழை பெய்தால் தண்ணி தேங்கிக் கொட்டை கெட்டுப்போகும். அதனால் பத்து அடிக்கு ஒரு அங்குலம் என்று வாட்டம் கொடுத்துத்தான் களம் போடுவோம். அறுபது அடிக்கு ஆறு அங்குலம். இந்தக் களத்துக்கு அந்த வாட்டம் கொடுத்தவனும் நான்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் சிமெண்டு போட்டபோது நின்று பார்த்துக் கொடுத்தேன். சிமெண்டு போய்விட்டது, வாட்டம் அப்படியே கிடந்தது. ஏற்காட்டில் அறுபது அடிக்கு ஆறு அங்குலம் இறங்கினால் அதைச் சரிவு என்று யாரும் சொல்ல மாட்டோம். எங்களுக்கு அதுதான் சமதளம். வேறு எந்த ஊரிலும் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

பிறகு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. சவரியின் கால் இந்த மேட்டில் இறங்கப் பழகியிருக்கிறது. கீழே போனால் தரை கொஞ்சம் முந்தி வந்து காலில் இடிக்கிறது, கை அதற்குள் பந்தை விட்டுவிடுகிறது, பந்து மேலே போகிறது. வளைவும் இல்லை, வெயிலும் இல்லை, தண்ணியும் இல்லை.

4. கோச்சிடம் சொன்னேன்

கோச் வந்ததும் அவரை மேட்டுக்குக் கூட்டிப்போய்க் குழாயைக் காட்டினேன். அவர் இரண்டு முனையையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

"இல்லீங்க சார். உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

"சனிக்கிழம முடியட்டுமுங்க மேஸ்திரி. ஞாயித்துக்கிழம மேட்டை வெட்டி எறக்கிப் போடலாம்."

"சவரிக்கிட்ட?"

"அவங்கிட்ட இப்பச் சொன்னா கை நடுங்கும். ஃபைனலுக்குப் போகலைன்னா டீமை மூடிப்போடறேன்னு முதலாளி சொல்லியிருக்காருங்க. இருவத்திரண்டு பேரு ஊட்டுல அடுப்பு எரியோணும். யோசிச்சுப் பாருங்க."

டேனியல் சாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இருபத்திரண்டு பேரை நினைத்துப் பேசினார். நான் யாரை நினைத்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் மேட்டைச் சீவிவிட்டால் என் தப்பும் மண்ணோடு போய்விடும். மேலே இருப்பவரிடம் சொல்லியாயிற்று, அவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டார், இனி எனக்கென்ன என்று வாய்க்கால் தோண்டப் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

புதன்கிழமை சவரி பயிற்சி முடிந்து மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நான் காலடிக் குழிகளை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு சாமி."

"இங்க எறிஞ்சா சரியா எறங்கற பந்து கீழ ஊர்ல மட்டும் ஏனுங்க மேல போகுது? எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க. நீங்க தெனமும் பாக்கறீங்க. உங்க கண்ணுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா?"

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. பதில் வேண்டிக் கேட்டான். நான் மண்வெட்டியைத் தட்டிக்கொண்டே, "சூடுதான் சாமி. உள்ளங்கை வேர்க்குது, பந்து வழுக்குது. பவுடர் போட்டுக்க" என்றேன்.

"அப்படிங்களா? சரிங்க, மெட்ராசுக்கு ஒரு டப்பா வாங்கிட்டுப் போயிடறேன்" என்று எழுந்து போனான். போகும்போது, "உங்க மேடாட்டம் எங்கயுமே இல்லீங்க மேஸ்திரி" என்றும் சொன்னான்.

5. சனிக்கிழமை

ஜெயித்தோம். சவரி மேட்டில் நின்ற ஏழு இன்னிங்ஸில் எதிராளிகள் இரண்டே தடவைதான் பந்தை உருப்படியாக அடித்தார்கள். எஸ்டேட் பெண்கள் கூட்டமாக வந்து விசில் அடித்தார்கள். சவரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வேலி ஓரம் நின்று அவன் கால் ஒவ்வொரு தடவையும் அந்த ஆறு அங்குலத்தில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் கண்ணில் படவில்லை. எதிரணியின் பிட்சர் சின்னப் பையன், எங்கள் மேட்டில் நின்று பந்தை மண்ணில் மண்ணில் குத்திவிட்டு அழாத குறையாகப் போனான். அதுவும் என் கணக்கில்தான் வரும்.

எல்லாரும் கலைந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே, சவரியைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினேன். எதுவும் மறைக்கவில்லை. களத்தின் வாட்டம், பத்து, பதினாறு, எல்லாம் சொன்னேன்.

அவன் மேட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இரண்டு தடவை நடந்தான். முதலில் அவனுக்குச் சந்தோஷம் வந்தது, அதை நான் பார்த்தேன்.

"அப்ப எங்கையில ஒண்ணும் இல்லீங்களா? நான் சரியாத்தான் எறிஞ்சேனுங்களா?"

"உங்கிட்ட ஒரு குத்தமும் இல்ல சாமி. எல்லாம் என்னோட தப்பு."

"எப்பப் பாத்தீங்க?"

"திங்கக்கிழம."

அவன் முகம் மாறியது. "புதங்கிழம நான் உங்களைக் கேட்டேனுங்களே."

கோச் சொன்னார் என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

"பவுடர் வாங்கி வெச்சிருக்கேனுங்க" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான்.

6. இரண்டு நாள்

ஞாயிறு விடிந்ததும் போய் மேட்டை வெட்டினேன். ஆறு அங்குலம் சீவி, திரும்ப இடித்து, இந்த முறை பிளேட்டிலிருந்து குழாய் வைத்துப் பத்து அங்குலத்தில் நிறுத்தினேன். வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. சனிக்கிழமை வரைக்கும் பெரிய மேட்டைத் தொட வேண்டாம் என்றே வைத்துக்கொண்டாலும், பின்னால் காபிச் செடி ஓரத்தில் சரியான அளவில் ஒரு சின்ன மேடு போட எனக்கு அரை நாள் வேலை. திங்கட்கிழமை மத்தியானமே போட்டிருக்கலாம். சவரி செவ்வாயிலிருந்து அதில் பழகியிருக்கலாம். அது எனக்கு ஆறு நாளாகத் தோன்றவே இல்லை. முப்பத்தொரு வருஷம் மண் வேலை செய்தவனுக்கு ஏன் தோன்றவில்லை? நான் அந்த ஆறு நாளும் யோசித்தது என் தப்பைப் பற்றி மட்டும்தான். அவன் காலைப் பற்றி யோசிக்கவில்லை.

சவரி வந்தான். வராமல் இருந்துவிடுவானோ என்று பயந்தேன். என்னிடம் பேசாமல் மேட்டில் ஏறி எறிய ஆரம்பித்தான். முதல் பந்து, பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சரின் தலைக்கு மேலே போய் வேலியில் மோதியது. அடுத்ததும் அப்படித்தான். ஞாயிறு முழுக்க மேலேயே போனது. திங்கள் மாலை பத்துக்கு நாலு கீழே வந்தது. கோச் பக்கத்தில் நின்று, "வருது கண்ணு, வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செவ்வாய் காலை சவரி பஸ் ஏறினான்.

வியாழக்கிழமை அவன் திரும்பி வரும் பஸ் எது என்று மெட்டில்டாவிடம் கேட்டுக்கொண்டு, ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அவன் இறங்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகவில்லை. பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னாச்சு சாமி?"

"இருவது பந்து குடுத்தாங்க. மொதப் பத்தும் மேல போயிருச்சுங்க. பதினொண்ணுல இருந்து கை செட் ஆச்சு. கடைசி ஆறும் சரியான எடத்துல போச்சு, ஸ்ட்ரைக்குங்க, வரிசையா. அப்ப ஆளெடுக்க வந்தவரு அடுத்தவன் பேப்பரைப் பாத்துட்டு இருந்தாரு."

"என்னாலதான்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்த்தார்கள்.

"அப்படிச் சொல்லாதீங்க மேஸ்திரி. அங்க வந்தவனுக எல்லாம் நொம்ப நல்லா எறியறாங்க. அஞ்சு நாளு முன்னயே நீங்க சொல்லியிருந்தாலும் என்னை எடுத்திருக்க மாட்டாங்களோ என்னமோ. ஆனா அப்பத் தோத்திருந்தா நான் தோத்தேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். எடுத்திருந்தா நான் ஜெயிச்சேன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப எனக்கு ரெண்டுமே இல்லீங்க. நான் எத்தனை நல்ல பிட்சருன்னு எனக்கே தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போறதில்ல."

இதைச் சொல்லிவிட்டு, நான் வெள்ளக்கடைக்கு எப்படிப் போகப் போகிறேன் என்று கேட்டு, ஸ்டாண்டில் விட்டுவைத்திருந்த தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோச்சும் நானும் மேட்டின் விஷயத்தை, போட்டிகளை நடத்தும் லீக் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தோம். ஆட்டத்துக்கு முன் அம்பயர் பார்த்து ஒத்துக்கொண்ட மேடு, எதிரணி யாரும் அப்போது ஆட்சேபிக்கவில்லை, எனவே முடிவுகளில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. அதனால்தான் வரலாற்றுப் பக்கத்தில் அந்த வெற்றிகள் அப்படியே இருக்கின்றன. ஃபைனல் சேலத்தில் நடந்தது, தோற்றோம். முதலாளி டீமை மூடவில்லை. மூடிவிடுவேன் என்று அவர் வருஷா வருஷம் சொல்வார், இப்போதும் சொல்கிறார். சவரி இன்னும் ஒரு சீசன் ஆடிவிட்டு நின்றுவிட்டான். எஸ்டேட் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களா மேஸ்திரி?" என்று கேட்பான். முன்பெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணாமல் அவனால் இரண்டு வார்த்தை பேச முடியாது. இப்போது மரியாதையாகத்தான் பேசுகிறான்.

7. வேலைக்கு வருகிறவர்களுக்கு

மேட்டின் உயரத்தைப் பிளேட்டிலிருந்து அளக்க வேண்டும் என்பதை இப்போது எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அளவு தப்புவது யாருக்கும் நடக்கும். எனக்கு நடந்தது, உங்களுக்கும் நடக்கும். அதற்காக யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள்.

தப்பு தெரிந்த அன்று யாரிடம் போகிறீர்கள் என்பதுதான் விஷயம். நான் சொல்லாமல் இல்லை, அன்றைக்கே சொன்னேன். ஆளை மாற்றிச் சொன்னேன். வேலை உத்தரவு எனக்கு எங்கிருந்து வருகிறதோ அங்கே போய்ச் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். கோச்சிடம் சொல்லுங்கள், ஆபீசில் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த மேட்டின் மேல் யார் கால் வைக்கிறார்களோ அவர்களிடம் போங்கள். திங்கட்கிழமை தெரிந்தால் திங்கட்கிழமையே போங்கள்.